மின்வெட்டுக்குப் பிறகு வழி மறந்த சர்வர்: நெட்பிளானோடு மூன்று ஆண்டுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிற்பகல் இடி இடித்தால், மழைக்கு முன்னால் எனக்குத் தொலைபேசி வந்துவிடும். அழைப்பவர் செம்பனைக் குலை வாங்கும் நிலையத்தின் கிராணி, அதாவது எழுத்தர். "தம்பி, எடை மேடை மறுபடியும் தெரியவில்லை" என்பார். அவர் குரலுக்குப் பின்னால் லாரிகள் உறுமிக்கொண்டிருக்கும். அந்த நிலையத்தின் சர்வரை நான் பார்த்துக்கொள்ளத் தொடங்கி மூன்று ஆண்டுகள் தாண்டிவிட்டன. முதல் ஐந்து மாதம் பட்ட பாட்டையும், அதன் பிறகு நெட்பிளான் என்ற வலை அமைப்புக் கருவி எப்படி நடந்துகொண்டது என்பதையும் எழுதுகிறேன்.

சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட பழைய மேசைக் கணினி, இரண்டு நெட்வொர்க் அட்டைகள். ஓர் அட்டை பட்டணத்து அலுவலகத்துக்கு, அதன் எண் 192.168.1.10. மற்றது கூரைமேல் நிற்கும் கம்பியில்லா ஆண்டெனாவுக்கு, அதன் எண் 10.10.10.1. தோட்டத்து முனையில் உள்ள ரௌட்டர் 10.10.10.2. அதற்கு அப்பால் எடை மேடைக் கணினியும் அச்சுப்பொறியும் 192.168.50 என்று தொடங்கும் எண்களில் இருக்கின்றன. அப்படி ஒரு வலை அங்கே இருப்பது சர்வருக்குத் தானாகத் தெரியாது. 192.168.50.0/24, அதாவது 192.168.50 என்று தொடங்கும் எல்லா முகவரிகளுக்கும் 10.10.10.2 வழியாகப் போ என்று சொல்லிவைக்க வேண்டும். முதல் நாள் 'ஐபி ரூட் ஆட்' என்ற கட்டளையைத் தட்டிச் சொன்னேன். எடைச் சீட்டு உடனே அலுவலகத் திரையில் வந்தது. நானும் தே தாரிக் குடிக்கப் போய்விட்டேன்.

அந்தக் கட்டளை பாதையை எழுதுவது இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவகத்தில் மட்டும்தான். வட்டில் ஓர் எழுத்தும் பதிவதில்லை. மணலில் விரலால் எழுதியது போலத்தான், மின்சாரம் போனால் அழிந்துவிடும். இது எனக்குத் தெரியாதது அல்ல. பிறகு கோப்பில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டது என் சோம்பல்.

முதல் மின்வெட்டில் ஏமாந்தது இன்னொரு காரணத்தால். இணையம் ஓடியது, அலுவலகக் கணினிகள் சர்வரோடு பேசின, எடை மேடை மட்டும் பதில் தரவில்லை. கம்பிதான் அறுந்துவிட்டது என்று மழையில் கூரை ஏறினேன். ஆண்டெனா விளக்கு பச்சையாகச் சிரித்தது. இறங்கி வந்து 'ஐபி ரூட் கெட் 192.168.50.20' என்று கேட்டபோது உண்மை வெளிவந்தது. தோட்டத்துக்குப் போக வேண்டிய தரவுப் பொட்டலங்களைச் சர்வர் 192.168.1.1க்கு, அதாவது இணைய ரௌட்டருக்கு, அனுப்பிக்கொண்டிருந்தது. குறிப்பான பாதை இல்லாதபோது பொதுப் பாதையில் தள்ளிவிடுவதுதான் அதன் வழக்கம். அதனால்தான் 'வழியில்லை' என்ற பிழைச் செய்தி வராமல், பதிலுக்குக் காத்துக் காத்து நேரம் கழிந்தது. இன்று யாராவது இப்படி ஒரு கோளாறைச் சொன்னால் பிங் செய்து பதில் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன் இந்தக் கட்டளையைத்தான் தட்டுகிறேன். கூரைக்கு ஏணி வைப்பது அதற்கும் பிறகுதான்.

பாதையைத் திரும்பச் சேர்த்த பிறகு சர்வரிலிருந்து எடை மேடை தெரிந்தது, கிராணியின் கணினியிலிருந்து தெரியவில்லை. ஒரு அட்டையில் வருவதை மறு அட்டைக்குக் கடத்தும் 'ஐபி ஃபார்வர்ட்' அமைப்பையும் நான் கையால்தான் 1 ஆக்கியிருந்தேன். அதுவும் 0க்குத் திரும்பியிருந்தது. அதைக் கெர்னல் அமைப்புகளுக்கான 'சிஸ்கன்ட்ரோல்' கோப்பில் எழுதியதும் நிலைத்தது. கிராணியின் விண்டோஸ் கணினி மட்டும் தப்பியது. அதில் 'ரூட் ஆட்' கட்டளையோடு 'பி' குறியையும் சேர்த்திருந்தேன். அந்தக் குறி பாதையை ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை வட்டில் வைக்கும் இடத்தில், பதித்துவிடும்.

அடுத்து செய்ததுதான் பெரிய தப்பு. சர்வர் எழும்போது ஓடும் 'ஆர்சி லோக்கல்' கோப்பில் அதே கட்டளையை ஒட்டினேன். மறுதொடக்கம் செய்து பார்த்தேன், பாதை இருந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் இருந்தது. அடுத்த இடியில் மறுபடியும் காணவில்லை!

நான் இருக்கும்போது ஒழுங்காக நடந்து, இல்லாதபோது முரண்டு பிடிக்கும் பிள்ளை மாதிரி இது நாலு மாதம் என்னை அலைக்கழித்தது. நான் சோதனைக்காக மறுதொடக்கம் செய்தபோது ஆண்டெனாவுக்கு மின்சாரம் இருந்தது. மின்வெட்டில் இரண்டும் சேர்ந்து அணைந்து, சேர்ந்து எழுகின்றன. சர்வர் முந்திக்கொள்கிறது, ஆண்டெனா தயாராக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை இரண்டாம் அட்டையில் இணைப்பு இல்லை. இணைப்பு இல்லாததால் 10.10.10.1 என்ற எண்ணும் அதில் ஏறவில்லை. எண் ஏறாதபோது 10.10.10.2 வழியாகப் போ என்றால் கெர்னல் ஏற்காது. கட்டளை பிழையோடு முடிகிறது. அந்தக் கோப்பு ஒரு தடவைதான் ஓடும், திரும்பிப் பார்க்காது. இதைக் கண்டுபிடித்தது அறிவால் அல்ல. ஒரு நாள் பொறுமை போய், சுவரிலிருந்த மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டேன், அப்போதுதான் பிடிபட்டது.

அதன் பிறகுதான் நெட்பிளானுக்கு மரியாதை கொடுத்தேன். 2017இல் வந்த உபுண்டு 17.10 முதல் அதுதான் அங்கே வழக்கமான வலை அமைப்பு முறை. இரண்டாம் அட்டையின் கீழேயே 'ரூட்ஸ்' என்று தொடங்கி, 'டூ' வரியில் 192.168.50.0/24, 'வியா' வரியில் 10.10.10.2 என்று எழுதினால் போதும். பின்னணியில் இருந்து வலையைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி நெட்வொர்க்டி என்ற சேவை, அட்டையில் இணைப்பு வந்ததும் எண்ணை ஏற்றி, பாதையையும் சேர்க்கிறது. ஆண்டெனா ஒரு நிமிடம் தாமதித்தாலும் பத்து நிமிடம் தாமதித்தாலும் அதற்குக் கவலையில்லை. இதே நெட்வொர்க்டி மறுபடி தொடங்கும்போது, தன் கோப்பில் இல்லாத, கையால் சேர்த்த பாதைகளைக் களைந்துவிடவும் செய்யும். சர்வர் அணையாமலே பாதை மறைந்த ஒரு செவ்வாய்க்கிழமைக்கு அதுதான் காரணம்.

குறைகளும் உண்டு. நெட்பிளான் அமைப்பை எழுதும் யாமல் கோப்பில் டேப் விசை ஆகாது, இடைவெளியால்தான் உள்தள்ள வேண்டும். ஓர் இடைவெளி தவறினாலும் கோபித்துக்கொள்ளும். அந்தக் கோப்பு இருக்கும் அடைவில் யாமல் என்று முடியும் எல்லாக் கோப்புகளையும் அது படிக்கும் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. 'பழையது' என்று பெயரிட்டு நான் அங்கேயே வைத்த நகலையும் சேர்த்துப் படித்து, இரண்டு வாரம் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தது. நகலை இப்போது வேறு இடத்தில் வைக்கிறேன். 'நெட்பிளான் டிரை' மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. 120 விநாடிக்குள் நாம் உறுதி செய்யாவிட்டால் மாற்றத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொள்ளும். வீட்டிலிருந்து வேலை செய்யும்போது வாசல் கதவைத் தவறுதலாகப் பூட்டிக்கொண்டாலும் உள்ளே வர முடிகிறது.

ஒரு பாதைக்கு இத்தனை அமர்க்களமா என்று கேட்டவர்களும் உண்டு. வெட்டிய குலை காத்திருக்கக் காத்திருக்க, அடிபட்ட பழத்தில் எண்ணெய் சிதைந்து கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொதுக் கணக்கு. எடை ஏறாமல் வரிசையில் நிற்கும் லாரிக்காரர் முகத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

சில மாதங்களுக்கு ஒரு முறை, ஞாயிறு மாலை நிலையம் மூடிய பிறகு, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு எல்லாம் தானாக எழுகிறதா என்று பார்க்கிறேன். கிராணிக்கு இது பிடிக்கவில்லை. "ஓடுகிற வண்டியை ஏன் தம்பி நிறுத்துகிறாய்?" என்கிறார். இரண்டாம் அட்டை மின்னலில் ஒரு முறை தப்பியது, அடுத்த முறை தப்பாது. மாற்றினால் அட்டையின் பெயரும் மாறக்கூடும். அப்போது பழைய பெயரில் எழுதிய பாதை செல்லாது. அதனால் கோப்பில் பெயருக்குப் பதில் மேக் முகவரியால், அதாவது ஒவ்வோர் அட்டைக்கும் உரிய அடையாள எண்ணால், அட்டையை அடையாளம் காட்டியிருக்கிறேன். புதிய அட்டை வாங்கியாகிவிட்டது. மாற்றும்போது கோப்பில் எழுதிக்கொள்ள அதன் மேக் எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். கிராணி அதன்மேல் நாள்காட்டி மாட்டாமல் இருக்க வேண்டும்.