எங்கள் பகுதி இசைப் பள்ளி: தொடக்க ஆண்டுகளில் கண்டவை

தண்டையார்பேட்டையில் எங்கள் குடியிருப்புக்கு அருகில் தொடங்கப்பட்ட சமூக இசைப் பள்ளியில், அது திறந்த ஆண்டிலேயே என் மகளை வாய்ப்பாட்டுக்கும் மகனை மிருதங்கத்துக்கும் சேர்த்தேன். பிள்ளைகளை அங்கே அனுப்பலாமா என்று அக்கம்பக்கத்தினர் இன்றும் கேட்பதால், இத்தனை காலம் பார்த்ததை எழுதுகிறேன்.

வகுப்பு இல்லாத மாலைகளிலும் கூடத்தைத் திறந்து வைப்பதுதான் இப்பள்ளியின் பெரும் பலம். சமையலும் படிப்பும் உறக்கமும் ஒரே அறையில் நடக்கும் வீட்டில், இரவுப் பணி முடித்துத் தகப்பன் படுத்திருக்கும்போது, பிள்ளை எங்கே அமர்ந்து மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்னும் தொடக்கப் பாடத்தை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பாடிப் பார்க்கும்? முதல் ஆண்டில் வகுப்பு நேரத்துக்கு மட்டுமே கூடம் திறந்தது. அடுத்த பாடமான ஜண்டை வரிசையைத் தாண்டுவதற்குள் பலர் நின்றுவிட்டனர். பெற்றோர் சிலர் சாவிக்குப் பொறுப்பேற்று, முறை வைத்துத் திறக்கத் தொடங்கிய பிறகே சாதகம் (பாடிப் பழகுதல்) செய்ய வழி பிறந்தது, பிள்ளைகளும் நிலைத்தனர்.

கருவிகளில் தொடக்கத்தில் சிரமம் இருந்தது. நன்கொடையாக வந்த மிருதங்கங்கள் பெரும்பாலும் 24 அங்குல நீளமுள்ள தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கங்கள். அவை தாழ்ந்த ஆண் குரலுக்குப் பொருந்துமே தவிர, பெண் பிள்ளைகள் பாடும் சுருதிக்கு ஏறாது. 22 அங்குல ஹெச்சு சுருதி (உயர்ந்த சுருதி) மிருதங்கம் வரும்வரை பாட்டும் மிருதங்கமும் சேர்ந்து ஒலிக்கவே இல்லை. போதாததற்குக் கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்து நாதம் இறங்கிவிடும். கல்லும் கட்டையும் கொண்டு தட்டிச் சுருதி சேர்த்து, ரவையைத் தண்ணீரில் பிசைந்து தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலின் நடுவே அப்பிய பிறகுதான் 'தா, தீ, தொம், நம்' என்னும் முதல் பாடம் தொடங்கும். வாசித்து முடித்ததும் அந்த ரவையைச் சுரண்டி, தோலைத் துடைத்து வைப்பது பிள்ளைகளின் வேலை. ஆசிரியர் இதைப் பாடத்தின் பகுதியாகவே கற்பித்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

பின்னர் பறை வகுப்பும் சேர்ந்தது. அது மிகச் சரியான முடிவு. தியாகராஜர் திருவொற்றியூர் வடிவுடையம்மன் மீது ஐந்து கிருதிகள் இயற்றிய இதே வடசென்னையில்தான் கானாவும் வளர்ந்தது. கர்நாடக இசை, மக்கள் இசை இரண்டுக்கும் உரிமையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்றை மட்டும் கற்பிப்பது நியாயமாகாது.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. வாய்ப்பாட்டும் கீபோர்டும் ஒரே கூடத்தில் நடக்கும் நாட்களில், இரு வேறு சுருதிகளுக்கு நடுவே சிறு பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். தனி அறை கிடைக்கும்வரை, வாய்ப்பாட்டில் சேர்ப்பவர்கள் கீபோர்டு வகுப்பு இல்லாத நாட்களைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.