டைல்ஸுக்குப் பெயின்ட் அடிக்க வருகிறவரிடம் முதலில் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்

பழைய பாத்ரூம் டைல்ஸை உடைக்காமல், மேலேயே கோட்டிங் அடித்துப் புதுசாக்கித் தருகிறோம் என்ற விளம்பரம் போனைத் திறந்தாலே வருகிறது. அப்படி ஒருவரிடம் இருபதாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு, தோல் உரிந்த சுவருக்கு நடுவில் குளித்துக்கொண்டிருக்கிறோம். ஆள் பெயரைப் போடப் போவதில்லை. ஆனால் அவர் செய்த வேலையை விவரமாகச் சொல்கிறேன். இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்களுடையது குரோம்பேட்டைப் பக்கம், தொண்ணூறுகளில் கட்டிய ஃபிளாட். பாத்ரூம் சுவரில் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல வெளிர்பச்சை டைல்ஸ். போர் தண்ணீர் என்பதால் குழாயைச் சுற்றி உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு. உடைத்துப் புதுசு போட மேஸ்திரி அறுபத்தைந்தாயிரம் கேட்டார். வந்த கோட்டிங்காரர் சதுர அடிக்கு 85 ரூபாய் சொன்னார். பாத்ரூமும் சமையல் மேடைக்குப் பின்பக்கச் சுவரும் சேர்த்து இருபதாயிரத்துக்குப் பேசி முடித்தோம். "எபாக்சி கோட்டிங் மேடம், அஞ்சு வருஷம் கேரண்டி. நாளைக்குக் காலையில குளிக்கலாம்" என்றார்.

அந்த "நாளைக்குக் காலையில" என்பதிலேயே விஷயம் வெளியே வந்துவிடுகிறது. எபாக்சி என்பது இறுக வைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கிற பெயின்ட். டைல்ஸுக்கென்று வரும் எபாக்சி தொட்டுப் பார்த்தால் சில மணி நேரத்தில் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே முழுசாக இறுக ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். அதுவரை தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வதுதான் நல்லது. மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். எங்கள் வீட்டில் வேலை நடந்தது ஐப்பசியில், வெளியே விடாத மழை.

மறுநாள் குளிக்கலாம் என்று சொல்கிற ஆள், அந்த ஒரு வாரத்துக்குள் மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று கணக்குப் போடுகிறார், அவ்வளவுதான்.

காலையில் இரண்டு பையன்கள் வந்தார்கள். சுவரில் ஆசிட் ஊற்றித் தேய்த்துக் கழுவினார்கள். "நல்லா கிரிப் கிடைக்கும்" என்றார்கள். நம் பாத்ரூம் கழுவும் ஆசிட், டைல்ஸின் கண்ணாடி போன்ற மேற்பூச்சை ஒன்றும் செய்யாது. இடையில் இருக்கிற சிமென்ட்டைத்தான் அரிக்கும். பெயின்ட் ஒட்ட வேண்டுமென்றால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்புப் படலமும் போகக் கழுவி, பிறகு அந்தப் பளபளப்பு மங்கும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசி துடைத்து, ஈரமில்லாமல் காய வைத்து, வழுவழுப்பான பரப்பில் ஒட்டுவதற்கென்றே இருக்கிற பிரைமரை அடிக்க வேண்டும். இதில் பாதி நேரம் தேய்ப்பதற்கே போய்விடும், வீடெல்லாம் தூசி பறக்கும். எங்கள் வீட்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு அக்காகூடப் பாராட்டிவிட்டுப் போனார்.

முடிந்த அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. வெள்ளை வெளேரென்று சுவர். போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அது இப்போது யாருடைய போனில் விளம்பரமாக வருகிறதோ!

முதலில் கிளம்பியது வெந்நீர் குழாய்க்குக் கீழே. ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு கொப்புளம். நகத்தை உள்ளே விட்டு இழுத்தால் பூரி மேல்தோல் மாதிரி ஒரே இழுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வழவழவென்று, ஒரு கீறல் இல்லை. சுவரில் பார்த்தால் என் பழைய பச்சை டைல்ஸ் அப்படியே மின்னுகிறது, மூலையில் சோப்புக் கறைகூட அப்படியே இருக்கிறது. உப்புத்தாளே படவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உங்கள் வீட்டில் உரிந்தாலும் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

சமையலறையில் வேறு கதை. அடுப்புக்குப் பின்னால் தாளிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, வெள்ளை மஞ்சளாகி, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. துடைத்தால் துணியோடு பெயின்ட்டும் வந்தது.

போன் செய்தால் முதல் பதில், "உங்க வீட்டுல உப்புத் தண்ணி மேடம்." உப்புத் தண்ணீரைப் பார்த்துத்தானே ஐயா வந்தீர்கள்? அடுத்தது, "ஆசிட் ஊத்துனீங்களா?" ஊற்றியது அவருடைய பையன்கள். மூன்றாவது, "சுவத்துல ஓதம் இருக்கு, அது எங்க கேரண்டில வராது." இதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. பாத்ரூம் சுவரின் மறுபக்கம், அறைக்குள், சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறதென்றால் டைல்ஸ் இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். அதன்மேல் எந்தக் கோட்டிங்கும் நிற்காது. அதேபோல நாணயத்தால் தட்டும்போது டொக்டொக்கென்று வெற்றாக ஒலிக்கிற டைல்ஸ் சிமென்ட்டை விட்டுக் கழன்றிருக்கிறது. இதையெல்லாம் பார்த்து, முடியாது என்று சொல்வதுதான் தொழில் தெரிந்தவர் செய்வது. இவர் எல்லாவற்றின் மேலும், இடுக்கை அடைக்கப் பூசியிருந்த பழைய சிலிகான் பசை மேலும்கூட, ரோலரை ஓட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு போனை எடுப்பதில்லை.

அப்புறம் ஒரு நாள் பால்கனி மூலையில் அவர்கள் விட்டுப் போன காலி டப்பா கிடைத்தது. சாதாரண எனாமல் பெயின்ட். மரத்துக்கும் இரும்புக்கும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடித்ததும் அதே கம்பெனி பெயின்ட்தான்!

எபாக்சி என்றால் இரண்டு டப்பா வரும். ஒன்று பெயின்ட், இன்னொன்று அதை இறுக வைக்கும் ஹார்டனர். கம்பெனி சொன்ன அளவில் இரண்டையும் கலக்க வேண்டும். கலந்த பிறகு நேரம் ஆக ஆக இறுகிப்போகும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலப்பார்கள். காலையில் திறந்த ஒரே டப்பாவில் சாயங்காலம்வரை தின்னர் ஊற்றி ஊற்றி அடிக்கிறார்கள் என்றால் அது எபாக்சி இல்லை. வேலை நடக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும், பெயின்ட் படிப்பெல்லாம் வேண்டாம்.

தரைக்கும் இலவசமாக அடித்துத் தருகிறேன் என்று ஒரு கோட் போட்டுவிட்டுப் போனதுதான் எனக்கு ஆறவே இல்லை. சொரசொரப்பான தரை டைல்ஸ் பளிங்கு மாதிரி ஆகி, மாமியார் வழுக்கி விழப் பார்த்தார். நல்லவேளை, கதவைப் பிடித்துக்கொண்டார். அன்றே தரையை மட்டும் ஆள் வைத்துச் சுரண்டி எடுத்தோம். பாத்ரூம் தரைக்கு யார் இலவசமாக அடித்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பணம் திரும்ப வரவில்லை. பில் தரவில்லை என்றாலும் ஜிபேயில் அனுப்பிய பதிவு, "எபாக்சி, 5 வருஷம்" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியது, அந்த டப்பா, உரிந்த துண்டுகள் எல்லாம் கையில் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. அதில் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இதே ஆள், அல்லது இதே பாணி ஆள், உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.