ஃபோமி பிளேன் காம்போ கிட் வாங்கறவங்க முதல்ல தராசு எடுத்துக்கங்க

ஆர்சி (ரிமோட்ல ஓட்டற பிளேன்) குரூப்புல இருக்கறவங்க எல்லாரும் இந்த விளம்பரத்தைப் பாத்திருப்பீங்க. 32 இன்ச் 3டி ஃபோமிக்கு (வானத்துல வித்தை காட்டற ஃபோம் பிளேன்) தேவையான அத்தனையும் ஒரே பெட்டியில, கட் பண்ணின 5 எம்எம் டெப்ரான் (லேசான ஃபோம்) ஷீட்டு, 2212 மோட்டாரு 1000 கேவி, 30 ஆம்ப் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற போர்டு), மெட்டல் கியர் செர்வோ (விங்கு, வால்ல ஆடற பட்டைகளை அசைக்கற குட்டி மோட்டாரு) மூணு, கார்பன் ராடு, 3எஸ் (மூணு செல்லு) 1300 எம்ஏஹெச் 45சி லைப்போ பேட்டரி, எல்லாம் சேத்து 6,800 ரூபாய்னு. நான் வாங்கினேன். கடைப் பேரைப் போடல, கம்ப்ளைன்ட் ஓடிட்டு இருக்கு, முடியட்டும். ஆனா இதே கிட்டை இப்ப வேற பேர்ல வேற நம்பர்லயும் விக்கறாங்கன்னு தெரிஞ்சதால எழுதறேன்.

ஒண்ணு சொல்லிடறேன், டெப்ரான் ஷீட்டு நிஜமாவே நல்ல ஷீட்டு. விங்கு, ஃபியூசலேஜ் எல்லாம் சுத்தமா கட் ஆகியிருந்துச்சு, ஐலரான் (விங்குப் பின்னோரத்துல ஆடற பட்டை) எட்ஜை 45 டிகிரி சாய்ச்சு சீவி டேப் ஹிஞ்ச் போட்டு, ஃபோம் சேஃப் பசை வச்சு (சாதா ஃபெவிகுவிக் வச்சிராதீங்க, டெப்ரானைத் தின்னுடும்) பொறுமையா ஒட்டினா சும்மா கண்ணாடி மாதிரி வந்துச்சு. அதனாலயே மத்த சாமான் மேல சந்தேகமே வரல, கெட்டிக்காரத்தனமே அங்கதான் இருக்கு, போட்டோவுல தெரியறது எல்லாம் ஒரிஜினல், தெரியாதது எல்லாம் டுபாக்கூர்.

முதல்ல இடிச்சது சிஜி, அதாவது பிளேன் பேலன்ஸ் ஆகற புள்ளி. பிளான்ல பேட்டரி வைக்கற இடம்னு கட்டம் போட்டே கொடுத்திருக்காங்க, அங்க வச்சா வாலு தொங்குது. முன்னாடி தள்ளறேன் தள்ளறேன், மோட்டார் மவுண்டையே முட்டிருச்சு, அப்பவும் டெயில் ஹெவிதான். வீட்ல மளிகை அளக்கற டிஜிட்டல் தராசுல பேட்டரிய வச்சா 78 கிராம். 1300 எம்ஏஹெச் 3எஸ் 45சி பேக்குன்னா வயரு கனெக்டரோட சாதாரணமா 100 கிராமுக்கு மேலதான் இருக்கும். கடைக்காரருக்குப் போன் பண்ணிக் கேட்டா, "ப்ரோ அது புது டெக்னாலஜி, லைட்வெயிட் செல்லு, காம்பெடிஷன்ல எல்லாம் அதான் போடறாங்க, நீங்க மூக்குல கொஞ்சம் ஈயம் வச்சு ஓட்டுங்க"ன்னு அவ்ளோ கான்ஃபிடன்ஸா சொல்றாரு. லைட்வெயிட் பேட்டரி போட்டுட்டு அதுக்கு ஈடு கட்ட ஈயம் வைக்கணுமாம்!

சரின்னு வச்சு ஓட்டினோம். நமக்கு கோயமுத்தூரு, சூலூர்ப் பக்கம் ஏர்ஃபோர்ஸ் பேஸ் இருக்கறதால அங்கிட்டெல்லாம் தலை வைக்கறதே இல்ல, மேக்கால காஞ்ச குளத்துலதான் விடுவோம், பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து கிளம்பறதுக்கு முன்னால காலைல போயிடணும். சும்மா நேரா போகும்போது பிரச்சனை இல்ல. ஹோவர் பண்ண (மூக்கு மேல பாத்தபடி ஒரே எடத்துல நிக்க வைக்க) மூக்கைத் தூக்கி, கொஞ்சம் இறங்குதேன்னு த்ராட்டிலை முழுசாக் குடுத்தேன், அவ்ளோதான், மோட்டாரு டக்குன்னு நின்னுருச்சு. சர்ஃபேஸ் எல்லாம் ஆடுது, மோட்டார் மட்டும் இல்ல. ஹோவர்ல இருக்கற பிளேனுக்கு ப்ரொப்பெல்லரோட காத்துதான் உசுரு, அது நின்னா வால்ல இருக்கற எலிவேட்டரு ரட்டரு என்ன ஆட்டினாலும் ஒண்ணும் நடக்காது. சொத்துன்னு வாலு முட்டி சாஞ்சுது, ஃபியூசலேஜ் ரெண்டாப் போச்சு, மோட்டார் ஷாஃப்ட் வளைஞ்சிருச்சு.

கடைக்காரர் உடனே "உங்க ஃப்ளையிங் ப்ராப்ளம் ப்ரோ, முதல்ல ட்ரெய்னர் பிளேன் ஓட்டிப் பழகுங்க"ன்னாரு. கோவம் வந்துருச்சு. கூட பறக்க விடற அண்ணன் ஒருத்தர்கிட்ட வாட் மீட்டர் (எவ்ளோ வோல்ட், ஆம்ப் போகுதுன்னு காட்டறது) இருக்கு, ஷாஃப்டை மாத்தி டேபிள்ல கட்டி ஓட்டிப் பாத்தோம். ஃபுல் சார்ஜ்ல 12.6 வோல்ட், ஃபுல் த்ராட்டில் குடுத்தா 14 ஆம்ப்தான் இழுக்குது, அதுக்கே வோல்டேஜ் சரசரன்னு இறங்கி 8.7ல வந்து நிக்குது, உடனே கட். 3எஸ்ல ஒரு செல்லுக்கு 3 வோல்ட்னு 9 வோல்ட்ல ஈஎஸ்சி கட் ஆப் செட் ஆகியிருக்கு, அது அதோட வேலையத்தான் பாத்திருக்கு. 1300 எம்ஏஹெச்னா 1.3 ஆம்ப் ஹவர், அதை 45சி-ல இருக்கற 45ஆல பெருக்கினா 58.5 ஆம்ப் வருது, லேபிள் சொல்ற கணக்கு அது. இவரு பேட்டரி 14க்கே மூச்சு வாங்குது. அப்புறம் எவ்ளோ ஏறுச்சுன்னு காட்டற பி6 சார்ஜர்ல முழுசா டிஸ்சார்ஜ் பண்ணி திரும்ப ஏத்தினா உள்ள போனது 780 எம்ஏஹெச்.

அண்ணன் ஒரு பிளேடை எடுத்து, செல்லுல படாம ஓரமா, மேல இருந்த பளபள ஷ்ரிங்க் கவரை மட்டும் நீளமாக் கீறினாரு. அது கீழ இன்னொரு கவரு, மங்கிப்போன பச்சை கலரு, அதுல பாதி கிழிஞ்ச பழைய ஸ்டிக்கரு, 850ன்னு கொட்ட எழுத்துல. பழைய பேக்கை வாங்கி மேல புதுச் சட்டை போட்டு வித்திருக்காங்க. (நீங்க யாரும் வீட்ல இதைச் செய்யாதீங்க, செல்லுல பிளேடு பட்டா தீப்பிடிக்கும்.) ரெண்டு சார்ஜ்ல அது பூரி மாதிரி உப்பிருச்சு, இப்ப மணல் வாளியில வெளியில கெடக்கு.

அதோட விடுவோமா, மிச்சத்தையும் பிரிச்சோம். மெட்டல் கியர்னு ஸ்டிக்கர் ஒட்டின செர்வோ, அடியில இருக்கற நாலு ஸ்க்ரூவைக் கழட்டினா உள்ள வெள்ளை நைலான் பல்லு. இதையும் எடை போட்டே கண்டுபிடிக்கலாம், மெட்டல் கியர் எம்ஜி90எஸ் 13 கிராம் கிட்ட வரும், ப்ளாஸ்டிக் எஸ்ஜி90 9 கிராம்தான். 3டி பிளேன்ல ஐலரான் எவ்ளோ பெருசு, செர்வோ சென்டருக்கு ஒழுங்கா திரும்பலன்னா ஸ்பீடுல படபடன்னு அடிச்சு விங்கையே பிச்சிரும். கார்பன் ராடுங்கறது கருப்பு பெயின்ட் அடிச்ச கண்ணாடி ஃபைபரு. நுனியைக் கொஞ்சம் உப்புக் காகிதத்துல தேச்சு மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, கார்பன்னா கரன்ட் கடத்தும், பீப் வரும் இல்ல ரெசிஸ்டன்ஸாவது காட்டும், ஃபைபர் கிளாஸ்னா ஒண்ணுமே காட்டாது. எடையும் ஜாஸ்தி, வளையறதும் ஜாஸ்தி.

இந்த போட்டோ எல்லாம் அனுப்பின பெறகு வந்த பதில்தான் பெரிய காமெடி. "கவரைப் பிரிச்சிட்டீங்க, வாரண்டி போச்சு." பிரிக்காம எப்படிய்யா தெரியும்? சரி காசைத் திருப்பிக் குடுங்கன்னா, "பேட்டரிய அனுப்புங்க, செக் பண்ணிட்டு சொல்றோம்"ங்கறாரு. உப்பின லித்தியம் பேட்டரிய எந்த கூரியர்காரன் வாங்குவான்? ரெண்டு கூரியர் ஆபீஸ்ல பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டுட்டாங்க. அது தெரிஞ்சுதான் கேக்கறாங்க. பில் கேட்டா ஒரு எஸ்டிமேட் சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. கடைசியா பாதிக் காசுக்கு "ஸ்டோர் கிரெடிட்" தர்றேன்னாரு, அதுக்கு இன்னொரு உப்பின பேட்டரிதான் வாங்க முடியும், வேண்டாம்னுட்டேன். அப்புறம் பிளாக்.

1915க்குக் கூப்பிட்டு நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணியாச்சு, தமிழ்லயே பேசினாங்க, நம்பர் குடுத்திருக்காங்க. அங்க நகரலன்னா அடுத்து மாவட்ட நுகர்வோர் கமிஷன்தான், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ஆன்லைன்லயே போடலாம். யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டு, விளம்பர போட்டோ, சாட்டு, தராசுல வச்ச போட்டோ, வாட் மீட்டர் வீடியோ எல்லாம் வச்சிருக்கேன். நீங்களும் இதே கிட் வாங்கியிருந்தா பேட்டரி, செர்வோ எடைய போட்டோ எடுத்து எனக்கு டிஎம் போடுங்க, அவங்க உங்களையும் பிளாக் பண்றதுக்கு முன்னாடி சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி வச்சுக்கங்க, நாலு பேரா சேந்து போட்டா வெயிட் ஜாஸ்தி. பார்சல் இன்னும் பிரிக்காதவங்க வீடியோ ஓட விட்டுட்டுப் பிரிங்க, பேட்டரிய சார்ஜர்ல போடறதுக்கு முன்னாடியே தராசுல போடுங்க.