டிஸ்னி டைம்ஷேர்: கம்பெனியிடமே வாங்குவதா, ரீசேலில் வாங்குவதா?

டிஸ்னி வெகேஷன் கிளப்பில் 150 பாயின்ட் வாங்க நினைக்கும் குடும்பத்துக்கு இரண்டு வழி உண்டு. ஆர்லாண்டோவில் பார்க்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பிரதிநிதியிடம் பேசி நேராக டிஸ்னியிடம் வாங்கலாம். இல்லையென்றால், ஏற்கெனவே வைத்திருப்பவர் விற்கும்போது ஒரு புரோக்கர் மூலம் வாங்கலாம், இதுதான் ரீசேல். இரண்டாவது வழியில் விலை பாதி அளவுக்குக்கூட இறங்கும். நண்பர்கள் வட்டத்தில் இதைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கேட்கிற எல்லாரும் முதலில் கேட்பது, "பாதி விலை என்றால் அதில் என்ன கோளாறு?" என்றுதான். நியாயமான கேள்வி.

முதலில் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். 1991-இல் டிஸ்னி தொடங்கிய டைம்ஷேர், அதாவது விடுமுறைத் தங்குமிடத்தைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் திட்டம் இது. குறிப்பிட்ட வாரமோ குறிப்பிட்ட அறையோ உங்கள் பெயருக்கு வராது. ஒரு ரிசார்ட்டில் சிறு பங்கு வரும், அதற்கு ஆண்டுதோறும் இத்தனை பாயின்ட் என்று கிடைக்கும், அதைச் செலவழித்துத்தான் அறை எடுக்க வேண்டும். அந்த ரிசார்ட்தான் உங்கள் ஹோம் ரிசார்ட். அங்கே 11 மாதம் முன்பே அறை பதிவு செய்யலாம், மற்ற ரிசார்ட்களில் 7 மாதம் முன்புதான். ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. அதுவரை வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்டியாக வேண்டும்.

யாரிடம் வாங்கினாலும் இவை மாறுவதில்லை. அதே அறை, அதே 11 மாத உரிமை, அதே பராமரிப்புக் கட்டணம். ரீசேலில் வாங்கியவருக்குப் பின்பக்க அறை என்று யாரும் ஒதுக்குவதில்லை. மாறுவது மூன்றுதான்: விலை, எங்கெங்கே தங்கலாம் என்ற எல்லை, உறுப்பினர் சலுகைகள்.

விலையைப் பார்க்கும் விதம்

பாயின்ட் ஒன்றுக்கு எத்தனை டாலர் என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மீதி எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சரடோகா ஸ்பிரிங்ஸ் ரிசார்ட்டின் ஒப்பந்தம் 2054-இல் முடிகிறது, ரிவியேரா ரிசார்ட்டுடையது 2070-இல். போர்டுவாக், பீச் கிளப் போன்ற பழையவை 2042-இலேயே முடிந்துவிடும்.

உதாரணத்துக்கு 2026-ஐத் தொடக்கமாக வைத்து, முழு எண்களாகவே எடுத்துக்கொள்வோம். சரடோகாவை ரீசேலில் பாயின்ட்டுக்கு 100 டாலர் என்று 150 பாயின்ட் வாங்கினால் 15,000 டாலர். 28 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 535. ரிவியேராவை டிஸ்னியிடம் 220 டாலருக்கு வாங்கினால் 33,000. அதற்கு 44 ஆண்டு இருப்பதால் ஆண்டுக்கு 750. போர்டுவாக்கை ரீசேலில் 90 டாலருக்கே பிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 13,500 ஆகிறது. ஆனால் 16 ஆண்டுதான் மீதி, அதனால் ஆண்டுக்குச் சுமார் 845. கையிலிருந்து போகும் பணம் மூன்றிலும் இதற்குத்தான் குறைவு, ஆண்டுக் கணக்கில் இதுவே அதிகம். ரீசேல் என்றாலே மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

44 ஆண்டு என்று கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று நாற்பது வயதில் இருப்பவர் எண்பத்து நான்கு வயது வரை ஆர்லாண்டோ போவாரா? 33,000 டாலரை இன்றே கொடுத்துவிட்டு, அதன் பலனை 44 ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெறுகிறோம். என் கணிப்பில் 25 ஆண்டுக்கு மேல் உள்ளதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை.

இந்தக் கணக்கில் பராமரிப்புக் கட்டணத்தைச் சேர்க்கவில்லை. பாயின்ட்டுக்கு 8, 9 டாலர் என்று வைத்தாலே 150 பாயின்ட்டுக்கு ஆண்டுக்கு 1,200 முதல் 1,350 டாலர் வரை வரும். வாங்கிய விலையின் ஆண்டுப் பங்கைவிட இது பெரிது, ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதும் இதுதான். அட்லாண்டிக் கடலோரத்தில் இருக்கும் வெரோ பீச்சில் கட்டணம் இன்னும் அதிகம். அதனால்தான் அதன் ரீசேல் விலை அவ்வளவு இறங்கிக் கிடக்கிறது. விலையைப் பார்த்து ஆசைப்பட்டு அதை வாங்கி, சரடோகாவில் தங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கட்டண வரலாற்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

கடன் வாங்கித்தான் முடியும் என்றால் நேரடி விற்பனையில் அந்த மேஜையிலேயே கடன் கிடைத்துவிடும். ஆபத்தும் அங்கேதான். 33,000 டாலரை 10 சதவீத வட்டிக்குப் பத்து ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதம் 436 டாலர். முடிவில் கட்டியிருப்பது 52,000-க்கும் மேல். விடுமுறைக்காக இப்படிக் கடன் வாங்காதீர்கள், எந்த வழியில் வாங்கினாலும்.

ரீசேலில் எது கிடைக்காது

2019 ஜனவரி 19 முதல் ரீசேலில் வாங்கியவர்களுக்கு டிஸ்னி ஒரு வேலி போட்டது. அப்போது இருந்த 14 ரிசார்ட்களில் ஒன்றை ரீசேலில் வாங்கினால் அந்தப் பதினான்குக்குள் மட்டும் சுற்றி வரலாம். ரிவியேரா, கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்கள், ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்கள் ஆகிய மூன்றும் கிடையாது. ரிவியேராவையே ரீசேலில் வாங்கினால் ரிவியேராவில் மட்டும்தான் தங்கலாம்.

முதல் பாதி பெரிய இழப்பாக எனக்குத் தோன்றவில்லை. பாலினீசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன், அனிமல் கிங்டம், ஹவாயில் அவுலானி என்று எல்லாமே பதினான்குக்குள் இருக்கின்றன. இரண்டாவது பாதிதான் முக்கியம். அது ரீசேலில் வாங்குபவரைவிட, நேரடியாக ரிவியேரா வாங்குபவரைத்தான் அதிகம் பாதிக்கிறது. 33,000 கொடுத்து வாங்கியவர் பத்து ஆண்டு கழித்து விற்கப் போனால், அவரிடம் வாங்குபவர் ரிவியேராவைத் தவிர வேறெங்கும் போக முடியாது. அதற்கேற்ற விலைதான் கேட்பார். இன்றே ரிவியேராவின் ரீசேல் விலை நேரடி விலையைவிட வெகுவாகக் கீழே இருக்கிறது. கம்பெனியிடம் வாங்குகிறவரும் ஒருநாள் ரீசேல் சந்தையில் நிற்கப் போகிறவர்தான். விற்பனை மேஜையில் இதை யாரும் எடுத்துச் சொல்லமாட்டார்கள், நாமாகக் கேட்க வேண்டும்.

அப்புறம் சலுகைகள். உணவகத் தள்ளுபடி, கடைத் தள்ளுபடி, உறுப்பினர்களுக்கான இரவு நிகழ்ச்சிகள், ஃப்ளோரிடாவில் வசிக்காதவர்களும் சோர்சரர் என்ற ஆண்டுப் பாஸ் வாங்கும் வாய்ப்பு. 2016 ஏப்ரல் 4 முதல் ரீசேலில் வாங்கியவர்களுக்கு இவை இல்லை. நேரடியாக வாங்கினாலும் இப்போது குறைந்தது 150 பாயின்ட் வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போகும் குடும்பத்துக்கு இந்தச் சலுகையால் 18,000 டாலர் விலை வித்தியாசம் ஈடாகவே ஆகாது. ஆண்டுக்கு மூன்று முறை போகிற, நான்கு பேருக்கும் ஆண்டுப் பாஸ் எடுக்கிற குடும்பம் என்றால் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

ஒரு ரீசேல் விளம்பரத்தைப் படிப்பது

ரீசேலில் பணத்தை மிச்சப்படுத்துவதும் கோட்டைவிடுவதும் இந்த இடத்தில்தான். விளம்பரம் இப்படி இருக்கும்: சரடோகா ஸ்பிரிங்ஸ், 150 பாயின்ட், யூஸ் இயர் (ஆண்டுதோறும் புதுப் பாயின்ட் வரும் மாதம்) டிசம்பர், 2025-க்கு 0, 2026-க்கு 12, 2027-க்கு 150, விலை பாயின்ட்டுக்கு 98 டாலர்.

இதன் பொருள், விற்பவர் 2026-க்குரிய பாயின்ட்களிலும் பெரும்பகுதியை முன்கூட்டியே எடுத்துச் செலவழித்துவிட்டார். யூஸ் இயர் டிசம்பர் என்பதால் முழு 150 பாயின்ட் உங்கள் கைக்கு வருவது 2027 டிசம்பரில். அதுவரை உங்களுக்கு ஒரு வார இறுதிகூடத் தேறாது. இடைப்பட்ட காலத்துப் பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதவில்லை என்றால் அதுவும் உங்கள் தலையில் விழும்.

பக்கத்திலேயே இன்னொரு விளம்பரம்: அதே ரிசார்ட், அதே யூஸ் இயர், 2025-க்கு 150, 2026-க்கு 150, விலை 106. பாயின்ட்டுக்கு 8 டாலர் கூடுதல், ஆக 1,200 டாலர் அதிகம். ஆனால் கூடுதலாகக் கிடைக்கும் பாயின்ட்களை வாடகைக்கு விட்டால் பாயின்ட்டுக்கு 20 டாலரை ஒட்டிக் கிடைக்கும், 150 பாயின்ட்டுக்கே 3,000. விலை அதிகமாகத் தெரியும் ஒப்பந்தம்தான் மலிவானது. ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒருமுறை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்த பாயின்ட் என்றால் மறுபடி தள்ளிவைக்க முடியாது, அந்த யூஸ் இயர் முடிவதற்குள் பயன்படுத்தியாக வேண்டும். உங்கள் பெயருக்கு மாறிவரவே இரண்டு, மூன்று மாதம் ஆகும் என்பதால் மீதி நாள் போதுமா என்று பாருங்கள்.

அந்த இரண்டு, மூன்று மாதம் எங்கே போகிறது? விலை பேசி முடித்ததும் ஒப்பந்தம் டிஸ்னிக்குப் போகும். அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை டிஸ்னிக்கு உண்டு, முடிவெடுக்க 30 நாள். எடுத்துக்கொண்டால் உங்கள் முன்பணம் திரும்பி வரும், மீண்டும் தேட வேண்டும். விட்டுக்கொடுத்தால், உரிமை மாற்றத்தை நடத்திக்கொடுக்கும் டைட்டில் கம்பெனி பாயின்ட் இருப்பையும் பாக்கியையும் சரிபார்த்து, பத்திரத்தைப் பதிவு செய்யும். சரடோகா என்றால் அந்தப் பதிவு ஃப்ளோரிடாவின் ஆரஞ்சு கவுண்டியில் நடக்கும். பணம் எப்போதும் எஸ்க்ரோ கணக்குக்குத்தான் (விற்பனை முடியும் வரை மூன்றாம் தரப்பு பணத்தை வைத்திருக்கும் கணக்கு) போக வேண்டும், விற்பவர் கைக்கு நேராக அல்ல. நேரடியாக வாங்கினால் இந்தக் காத்திருப்பு எதுவும் இல்லை. அவசரத்துக்கு அது வசதிதான், ஆனால் விடுமுறைத் திட்டத்தில் அப்படி என்ன அவசரம்?

டிஸ்னிக்கு ரீசேல் சந்தை இருக்கிறது என்பதையே ஒரு விதிவிலக்காகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பல டைம்ஷேர்கள், விண்டம் என்ற கம்பெனியின் ஒப்பந்தங்கள் உட்பட, ரீசேலில் ஒரு டாலருக்கும் விளம்பரமாகும். ஆண்டுக் கட்டணத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று விற்பவர் நினைப்பதே காரணம். அங்கெல்லாம் கம்பெனியிடம் இருபதாயிரம் கொடுத்து வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

என்னைக் கேட்டால் பதினான்கு ரிசார்ட்களில் மனதுக்குப் பிடித்த ஒன்று இருந்தால் ரீசேல்தான். முடிவு ஆண்டு 2050-க்கு மேல், யூஸ் இயர் உங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு ஒத்துவருவதாக இருக்கட்டும். சலுகைகள் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் 150 பாயின்ட் நேரடியாக வாங்கி, மேற்கொண்டு வேண்டியதை ரீசேலில் சேர்க்கலாம். எதையும் வாங்கும் முன் ஒருமுறை, ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் பாயின்ட் வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பாருங்கள்.

எப்போதாவது ஊருக்கே திரும்பிவிடும் எண்ணம் உள்ளவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். வரிச் சட்டப்படி அமெரிக்காவில் வசிப்பவர் அல்லாதவராகிவிட்ட பிறகு விற்றால், விற்பனைத் தொகையில் பொதுவாக 15 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்கு அனுப்பிவிடுவார்கள். வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் அதில் மீதியைத் திரும்பப் பெற முடியும். கிளம்புவதற்கு முன்பே விற்றுவிடுவது நல்லது.

ஏற்கெனவே மேஜையில் கையெழுத்துப் போட்டுவிட்டு இதைப் படிப்பவர்களுக்கு: ஃப்ளோரிடாவில் டெவலப்பரிடம், அதாவது டிஸ்னி போன்ற கம்பெனியிடமே வாங்கியதை ரத்து செய்ய 10 நாள் உண்டு. கையெழுத்திட்ட நாள், ஆவணங்களில் கடைசியானது கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். வார இறுதியும் கணக்கில் சேரும். இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. தொலைபேசியில் சொன்னால் போதாது. ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு எழுத்துமூலமாக, ரசீது கிடைக்கும் தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.