உணவு மறுக்கும் பதின்ம வயதினருக்கான குடும்பச் சிகிச்சை: ஓராண்டுக்குப் பிறகு என் மதிப்பீடு

லண்டனில் அரசு மருத்துவச் சேவையின் கீழ் இயங்கும் ஓர் உணவுக் கோளாறு சிகிச்சைப் பிரிவில், பதினைந்து வயது மகளுடன் ஓராண்டு குடும்பச் சிகிச்சைக்குச் சென்று வந்தோம். நோய் அனோரெக்சியா நெர்வோசா. அந்தப் பெயருக்குப் பசியின்மை என்று பொருள் சொல்வார்கள். என் மகளுக்குப் பசி இருந்தது, சாப்பிடத்தான் பயம்.

நோய் எதனால் வந்தது என்று ஆராயப் போவதில்லை என்றும், எடை கூடும்வரை எதை, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பதைப் பெற்றோராகிய நாங்களே முடிவு செய்ய வேண்டும் என்றும் முதல் நாளே சிகிச்சையாளர் கூறிவிட்டார். இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பது இதன் வரலாற்றைப் படித்தபோதுதான் விளங்கியது. நோய்க்கு இப்பெயரைச் சூட்டிய வில்லியம் கல், 1874இல் வெளியான கட்டுரையில், இத்தகைய நோயாளிகளைக் கவனிக்க உறவினரே பெரும்பாலும் மிகவும் தகுதியற்றவர்கள் என்று எழுதினார். 1970களில் ஃபிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவர் சால்வடோர் மினுச்சின் குடும்பத்தையே உணவுடன் சிகிச்சை அறைக்கு அழைத்தார். ஆனால் குடும்ப உறவுகளின் சிக்கலே நோயை வளர்க்கிறது என்பது அவர் கருத்து. லண்டன் மாட்ஸ்லி மனநல மருத்துவமனையில் கிறிஸ்டோபர் டேர், ஐவன் ஐஸ்லர் முதலியோர் அந்த உணவு வேளையை மட்டும் எடுத்துக்கொண்டு பழியைக் கைவிட்டார்கள். மருத்துவமனையில் செவிலியர் ஊட்டி ஏற்றிய எடை, வீடு திரும்பியதும் கரைந்துவிடுவதுதான் அவர்களுக்கு முன்னிருந்த சிக்கல். 80 பேரைக் கொண்டு நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வில், 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி மூன்றாண்டுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சை நன்கு பலனளித்தது. 2001இல் ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிராஞ்ச் ஆகியோர் டேருடன் சேர்ந்து இதற்கொரு செயல்முறைக் கையேடு எழுதிய பிறகு, இது பல நாடுகளுக்கும் பரவியது.

இரண்டாம் அமர்வுக்கு, இவ்வளவு மெலிந்த பிள்ளைக்கு எது தேவை என்று நினைக்கிறீர்களோ அதைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். தேங்காய்ச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எவர்சில்வர் டப்பாவில் கொண்டு போனேன். நான்கு கரண்டியோடு அவள் மூடியைப் போட்டுவிட்டாள். அடம் பிடிக்காதே என்று கணவர் குரலை உயர்த்தியதும் சிகிச்சையாளர் அவரை நிறுத்தி, இருவரும் அவளுக்கு இருபுறமும் அமர்ந்து, ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லி, அவள் நினைத்ததைவிட ஒரு வாய் மட்டும் கூடுதலாகச் சாப்பிட வைக்கச் சொன்னார். அந்த ஒரு வாய்க்கு நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை நாங்கள் இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னதே இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். ஊட்டும் பொறுப்பிலிருந்து தம்பிக்கு விலக்கு. சாப்பாட்டுக்குப் பின் அக்காவோடு சீட்டு விளையாடுவது மட்டும் அவன் வேலை.

குறைகளும் உண்டு. மூன்று மாதம் நான் சம்பளமில்லா விடுப்பில் வீட்டிலிருந்து மூன்று வேளையும் உடன் அமர வேண்டியிருந்தது. அமர்வுகளோ வேலை நாளில், முற்பகலில் மட்டுமே. கண்டிப்பும் குத்தலும் மிகுந்த வீடுகளில் பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியே சந்திப்பது மேல் என்று மாட்ஸ்லி ஆய்வுகளே காட்டியிருந்தும், எங்களுக்கு அந்த ஏற்பாடு நான்காம் மாதத்தில், நாங்களே கேட்ட பிறகுதான் கிடைத்தது. எல்லோருக்கும் இது குணமளிக்கும் என்றும் எண்ணக் கூடாது: 121 பேரைக் கொண்ட 2010ஆம் ஆண்டு ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டில் முழுமையாக மீண்டவர்கள் 49 விழுக்காடு, ஒப்பிடப்பட்ட தனிநபர் சிகிச்சையில் 23 விழுக்காடு. இதயத் துடிப்பு மிகவும் தாழ்ந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்கு முதலில் மருத்துவமனைப் படுக்கைதான்.

இத்தனைக்குப் பிறகும், நோய் தொடங்கி அதிக காலமாகாத பிள்ளைகளின் பெற்றோருக்கு இதையே முதலில் பரிந்துரைப்பேன். மகள் இப்போது மதிய உணவைப் பள்ளியில் தோழிகளுடன் சாப்பிடுகிறாள். மாலையில் அவளுடைய டப்பாவை நான் திறந்து பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்பதுதான் கடைசி அமர்வில் எனக்குத் தரப்பட்ட வீட்டுப்பாடம்.