குட்மனின் நால்வரும் ஷாவின் அறுவரும்

துள்ளும் தாளம் கொண்ட ஸ்விங் வகை ஜாஸைச் சிறுகுழுவாக வாசிக்கையில், கிளாரினெட் என்னும் குழல் வாத்தியத்தின் அழகை மீண்டும் கேட்டு மகிழ விரும்புவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனைத்தான். 1935-இல் டெடி வில்சனின் பியானோ, ஜீன் குரூப்பாவின் டிரம்ஸ் ஆகியவற்றோடு மூவராகத் தொடங்கி, 1936-இல் லயனல் ஹாம்ப்டனின் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் வாத்தியம்) சேர்ந்து நால்வரான அக்குழுவில், தாழ்ந்த ஸ்வரங்களால் இசைக்கு அடித்தளமிடும் பாஸ் வாத்தியமே இல்லை. அந்த அடித்தளத்தையும் வில்சனின் இடக்கையே தாங்குவதால், ஒவ்வொரு இழையும் தனித்துத் தெளிவாகக் கேட்கிறது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிப்பது அரிதாயிருந்த அமெரிக்காவில் இந்த நால்வரும் ஒருவருக்கொருவர் செவிகொடுத்து வாசித்தார்கள் என்பது இன்றும் நெஞ்சை நெகிழச் செய்கிறது.

இன்னொரு கிளாரினெட் கலைஞரான ஆர்ட்டி ஷாவின் சிறுகுழுவான கிராமர்சி ஃபைவ் 1940-இல் பதிவுசெய்தவை வேறு சுவை கொண்டவை. பெயரில் ஐந்து இருந்தாலும் வாசித்தவர்கள் அறுவர். ஜானி குவார்னியேரி பியானோவுக்குப் பதிலாக ஹார்ப்சிகார்ட் (தந்திகளை மீட்டி ஒலிக்கும் பழைய விசைப்பலகை வாத்தியம்) வாசிக்க, பில்லி பட்டர்ஃபீல்டின் டிரம்பெட்டும் மின்கிட்டாரும் உடன் வருகின்றன. குட்மனின் துள்ளல் இங்கே குறைவுதான். ஆனால் மேல் ஸ்தாயியிலும் உருண்டு திரண்டு ஒலிக்கும் ஷாவின் நாதம், இரவின் அமைதியில் தனியே கேட்பதற்கு உகந்தது.