மாவுக்கட்டா, பிளேட்டா?

முறிந்த எலும்பு தானாகத்தான் கூடுகிறது. மாவுக்கட்டும் பிளேட்டும் அதைப் பிடித்துக்கொள்ள மட்டுமே. ஆனால் பிடிக்கிற விதம் மாறினால் எலும்பு கூடுகிற விதமும் மாறிவிடும்.

மாவுக்கட்டுக்குள் முறிந்த முனைகள் துளி அசையத்தான் செய்யும். அந்தச் சிறு அசைவு நல்லதுதான். முதலில் அங்கே ரத்தம் உறையும். இரண்டு மூன்று வாரத்தில் குருத்தெலும்பு வளரும், அப்புறம் அது கெட்டி எலும்பாகும். எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு புடைப்பு தெரியும். பார்த்துப் பயப்பட வேண்டாம், எலும்பு கூடுகிறது என்று அர்த்தம். பல மாதங்களில் உடலே அதைச் செதுக்கிச் சரிசெய்துவிடும்.

பிளேட் வைத்துத் திருகால் நன்றாக இறுக்கிவிட்டால் அந்தப் புடைப்பு பெரும்பாலும் வராது. எலும்பை அரிக்கும் செல்கள் முறிவுக் கோட்டின் குறுக்கே துளைத்துக்கொண்டு போக, பின்னாலேயே வரும் செல்கள் புது எலும்பால் நிரப்பும். இது ஒன்றும் வேகமான வழி இல்லை (பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்). லாபம் வேறு: மூட்டைச் சீக்கிரமே அசைக்கலாம். பதிலுக்கு அறுவை சிகிச்சை, கிருமித்தொற்று அபாயம்.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மாவுக்கட்டே போதும். வளரும் எலும்பு சிறு கோணலைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். பெரியவர்களுக்கு மூட்டுக்குள்ளேயே முறிந்து விலகியிருந்தால் நான் பிளேட் பக்கம்தான்.